வாடை தெரியாத மூக்கு

காலராவுக்கு ஒரு டீ விலையில் தடுப்பு மருந்து. ஊசி வேண்டாம், வாயில் ஊற்றினால் போதும். அதற்காக எங்கள் ஆய்வகத்தில் வருடக்கணக்காக மாரடித்தோம். காலையில் கிருமி வளர்க்கும் அறைக்குள் போனால் பொழுது சாய்ந்துதான் வெளியே வருவோம். கடைசியில் விலை கொஞ்சம் இடித்தது. சுவைக்காகச் சேர்க்கிற பழச்சாற்றை நிறுத்திவிட்டால் கணக்கு சரியாகிவிடும் என்றார் தலைவர்.

“குழந்தைங்க குடிக்குமா சார்?”

“நீங்களே குடிச்சுப் பாருங்கம்மா.”

எல்லோரும் குடித்தோம். லேசான உப்பு, வாடையே இல்லை. சரி என்று கையெழுத்துப் போட்டோம். படித்த கழுதைகள்!

முதல் முகாம் அக்கா குடியிருந்த தெருவில். சாக்கடையும் குடிநீர்க் குழாயும் ஒட்டி உறவாடும் தெரு அது. அக்கா மகனை எல்லோரும் வாண்டு என்பார்கள். வயது மூன்று, வாய் முப்பது. அக்கா அவனைத்தான் வரிசையில் முதலில் நிறுத்தினாள். அவன் வாயில் ஊற்றிவிட்டு அடுத்த குழந்தைக்கு மருந்து எடுக்கத் திரும்பினேன்.

“முழுங்கிட்டானாக்கா?”

“முழுங்கிட்டான்டி. சமத்து!”

இரண்டாவது தவணைக்கும் அதே பதில். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

மழை பிடித்துக்கொண்ட வாரம் வாண்டுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. மருத்துவமனையில் சேர்ப்பதற்குள் கண்கள் குழிந்து, தொண்டை கட்டி, “சித்தி, தண்ணி” என்பதுகூடக் காற்றாகத்தான் வந்தது. மறுநாள் அவனைப் புதைத்தோம். காலராதான்.

“ரெண்டு தவணையும் குடிச்ச பிள்ளைக்கா! எப்படி வரும்? எங்க தப்பு நடந்துச்சு?” வீட்டுக்கு வந்ததும் நான் கத்தினேன். என் மருந்தை எனக்கே பிடிக்கவில்லை.

அக்கா சுவரைப் பார்த்தபடி சொன்னாள்.

“அவன் குடிக்கவே இல்லடி.”

“என்னக்கா சொல்ற?”

“மீன் கழுவின தண்ணி மாதிரி நாத்தம். குமட்டிக்கிட்டு என் துண்டுல துப்பிட்டான், ரெண்டு தடவையும். பாதிப் பிள்ளைங்க துப்புச்சுங்க. நீ ராப்பகலா உழைச்சது. ஊரே நிக்குது. என் தங்கச்சி மருந்து நாறுதுன்னு என் வாயால எப்படிடி சொல்லுவேன்?”

பாவி! அவளை அறையலாம் போல இருந்தது. அவள் காலில் விழலாம் போலவும் இருந்தது.

கொடியில் கிடந்த துண்டை எடுத்து என் மடியில் போட்டாள். “எத்தனை தடவை துவைச்சும் போகல. மோந்து பாரு.”

முகத்தில் அழுத்தி, மூச்சை இழுத்து இழுத்து மோந்தேன். ஒன்றும் இல்லை. வெறும் துணி. கிருமி வளர்க்கும் அந்த அறை என் மூக்கை எப்போதோ தின்றுவிட்டிருந்தது. எங்கள் எல்லோர் மூக்கையும்தான்.

“தெரியுதாடி?” அக்காவின் குரல் உடைந்தது.

“தெரியுதுக்கா,” என்றேன்.