நாற்பது வெள்ளை வரிகள்

“உமைமா, உன் சஹர் பேஜு எப்பலேர்ந்து ஷூ விக்குது?”

பில்கிஸ் ஆபா வாசலில் நின்றபடியே கேட்டபோது உமைமாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம், நோன்பு நேரத்து ஆம்பூர்த் தெரு அடங்கிக் கிடந்தது. ஆபா மூன்று வீடு தள்ளி இருப்பவர். பிறவியிலிருந்தே கண் தெரியாது. தெருப் பிள்ளைகளுக்கு ஓதச் சொல்லிக்கொடுப்பார். கைப்பேசித் திரையில் இருப்பதை அதுவே வாசித்துக் காட்ட, கேட்டுக் கேட்டே கரண்ட் பில்லிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை தெரிந்து வைத்திருப்பார்.

“இன்னா ஆபா சொல்றீங்க?”

“தேதி சொல்லுது. அப்பறம் லேடீஸ் லெதர் ஷூ, ஜென்ட்ஸ் லெதர் ஷூ, ஹோல்சேல் ஷூன்னு போய்க்கினே இருக்குது. சஹர் முடியற டைம் வரவே இல்ல. அன்னிக்கின்னு பாத்து மசூதி மைக்கும் ரிப்பேர். பேரீச்சம்பழத்த வாயில வெச்சிக்கினு கேட்டுக்கினு இருந்தேன். அது டைம சொல்றதுக்குள்ள டைம் தாண்டிப் போச்சு, தெரியாம முழுங்கிட்டேன். அந்த ஒரு நோன்பு களாதான். ரம்ஜான் போனப்பறம் இன்னொரு நாள் வெக்கணும்.” ஆபாவின் குரலில் கோபமே இல்லை. “என் போன்தான் கெட்டுப்போச்சோன்னு நெனச்சேன். எதுக்கும் நீ ஒருவாட்டி பாரும்மா.”

உமைமாவின் சிரிப்பு நின்றுபோனது.

விடியுமுன் சாப்பிட்டு முடிக்க வேண்டிய சஹர் நேரத்தைத் தேதிவாரியாகக் காட்டும் அந்த இணையப் பக்கம், அவள் கல்லூரியில் படிக்கும்போது தெருவுக்காகச் செய்து கொடுத்தது. வருஷத்தில் பதினோரு மாதம் அதை நாய்கூடச் சீண்டாது. ரம்ஜான் பிறந்தால் ஊரே திறந்து பார்க்கும். சத்துவாச்சாரியில் அவள் வேலை பார்க்கும் ஆபீஸ், ஷூ கம்பெனிகளுக்கு வெப்சைட் செய்து தருவது. பெருநாளுக்குள் ஒரு கம்பெனியைக் கூகுளின் முதல் பக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். வராவிட்டால் அந்த கிளையண்ட் கையைவிட்டுப் போவான், கூடவே இரண்டு பேர் வேலையும் போகும் என்று முதலாளி செந்தில்குமார் சொல்லியிருந்தார். இரண்டு பேரில் ஒருத்தி யார் என்று உமைமாவுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஊரே பார்க்கும் பக்கத்திலிருந்து ஒரு கடைக்கு லிங்க் போனால் கூகுள் அந்தக் கடையைப் பெரிய இடம் என்று நம்பிவிடும். அதனால் அட்டவணைப் பக்கத்தில் நாற்பது லிங்க் போட்டாள், வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில். கீழே போட்டால் கூகுளிடம் வெயிட் கம்மி என்று செந்தில்குமார் சொன்னதால் தேதிக்கும் நேரத்துக்கும் நடுவிலேயே போட்டாள். கண்ணுக்குத் தெரியாதது யாரை என்ன செய்துவிடும் என்று மனசார நம்பினாள். யார் கண்ணுக்கு என்றுதான் யோசிக்கவில்லை.

கம்பெனி போன வாரமே முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது.

திங்கட்கிழமை பஸ்ஸில் போகும்போது நாற்பதையும் எடுத்துவிடுவது என்றுதான் முடிவு செய்தாள். செந்தில்குமார் கெட்டவரில்லை. நோன்பு மாதத்தில் அவளை நாலு மணிக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறவர். தோல் பதனிடும் ஷாப்பில் பினிஷிங் பிரிவில் பத்து வருஷம் இருந்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர். ஆபீஸில் அவள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, “அய்யோ, பாவம்” என்றார். உண்மையாகத்தான் சொன்னார்.

“ஆனா எடுத்தா ரெண்டே நாள்ல கீழ போய்டும்மா. எதுக்கு எடுக்கணும்? போன் படிக்காம தாண்டிப் போறதுக்கு கோடிங்ல ஒரு வார்த்த இருக்குதில்ல, அத போட்டுடு. அந்தம்மா காதுல விழாது. கூகுளுக்கு மட்டும் தெரியும். தோல்ல தழும்பு இருந்தா தூக்கியா போடறோம்? மேல இன்னொரு கோட்டு பெயிண்ட், அவ்ளோதான்.”

உமைமா தன் நாற்காலிக்குத் திரும்பினாள். அவர் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்கப் பார்த்தாள். ஆபாவுக்கு இனி நோன்பு தவறாது, அவளுக்கு வேலை தவறாது. கணக்கு சரியாகத்தான் வந்தது. அப்படி வந்ததே அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடேயே அந்த ஒரு வார்த்தையைத் தட்டினாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அன்று மாலை இஃப்தாருக்கு முன்னால் ஆபா வீட்டுக்குப் போனாள். ஆபா கைப்பேசியைக் காதருகில் வைத்து விரலால் தள்ளினார். தேதி வந்தது. அடுத்த மூச்சில் சஹர் நேரம் வந்தது.

“மாஷா அல்லாஹ்! எல்லாத்தயும் எடுத்துட்டியா?”

“எடுத்துட்டேன் ஆபா.”

“எங்கேர்ந்துதான் வந்துச்சோ, சனியன். நோன்பு தெறக்கறப்ப உன் பேர சொல்லி துஆ கேக்கறேன். அப்ப கேட்டா அல்லாஹ் தள்ள மாட்டான்.”

ஆபாவுக்கு எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தால்தான் திருப்தி. கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு, இந்த முறை விரலைத் திரையிலிருந்து எடுக்காமல் மேலிருந்து மெதுவாக இறக்கினார். விரல் தேதியைத் தொட்டது, கைப்பேசி தேதியைச் சொன்னது. விரல் தேதியைத் தாண்டி, உள்ளங்கை அகலத்துக்கு வெறுமையாகத் தெரிந்த, நாற்பது லிங்கும் அப்படியே கிடந்த வெள்ளைக்குள் இறங்கியது. வரி வரியாக, அவசரமில்லாமல், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை அதைத் தடவிக்கொண்டே போனது. கைப்பேசி ஒரு சத்தமும் போடவில்லை. ஆபா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.