மூன்றாம் தண்ணீர்

அமராவதிபுதூர் ஸ்டாப்பில் நான் விசில் அடித்தால் காளையார்கோவில் கோபுரத்துப் புறாக்கள் பறக்கும். பொய் என்பவர்கள் புறாக்களிடமே கேட்டுக்கொள்ளலாம். முப்பது வருஷக் கண்டக்டர் நான். ரிட்டயர் ஆன பிறகும் டிரைவர்கள் என்னைக் கண்டால் பிரேக்கைத் தேடுகிறார்கள்.

என் மகள் பொன்னழகுக்கு அந்த விசில் என்றால் உயிர். பஸ் கண்ணுக்குத் தெரியுமுன்னே சத்தம் கேட்டு ஓடிவருவாள்.

அறுபத்தேழில், அவளுடைய நான்காம் வயதில், மணல்வாரி அம்மை போட்டது. "தேனாத்து மணலு பூரா ஓம்மேல கெடக்கு. இனி ஊருல எவனும் வீடு கட்ட முடியாது" என்றேன். சிரித்தாள். ஐந்தாம் நாள் காதைப் பிடித்துக்கொண்டு அலறினாள். மறுநாள் இரண்டு காதிலும் சீழ்.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவமா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"என்ன பேச்சுப் பேசுறீக? ஆத்தா வந்திருக்கையில ஊசியா? மூணு தண்ணி ஊத்தாம பிள்ளை வாசப்படி தாண்டக் கூடாது. சீழாப் போறதும் ஆத்தா எறங்குறதுதேன்" என்றாள் அன்னக்கிளி.

ஒரு பஸ் கூட்டத்தையே அதட்டுகிறவன் அடங்கிப்போனேன். ஆத்தாளிடம் எனக்கும் பயம்.

வேடிக்கையைக் கேளுங்கள். காரைக்குடியில் எங்கள் பஸ் நிற்பதே ஆஸ்பத்திரி வாசலில்தான். ஒரு நாளைக்கு எட்டு நடை. "ஆஸ்பத்திரியெல்லாம் எறங்கு!" என்று கூவி, ஊரார் பிள்ளைகளை இடுப்பைப் பிடித்து இறக்கிவிட்டேன். அந்தப் பத்து நாளில் லட்சம் பிள்ளைகள் இருக்கும். என் பிள்ளை மட்டும் இல்லை.

முதல் தண்ணீர். இரண்டாம் தண்ணீர். வேப்பிலை ஊறிய தண்ணீர் தலையில் விழுந்தபோதெல்லாம் காதுக்குள்ளும் போனது. மூன்றாம் தண்ணீர் ஊற்றிய ஈரம் காயுமுன்னே தூக்கிக்கொண்டு ஓடினேன்.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "சீழ் வந்தவொடனே ஏன்யா கொண்டாரல?"

"ஆத்தா அப்ப எறங்கலைங்க."

"சவ்வு ரெண்டும் ஓட்டையாயிருச்சு. உள்ள நரம்பும் போயிருச்சு போல."

"மருந்து இருக்குங்களா?"

"சீழை நிறுத்தலாம்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பொன்னழகு முற்றத்தில் சொப்பு வைத்து விளையாட உட்கார்ந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, மூச்சையெல்லாம் கூட்டி விசில் அடித்தேன். காளையார்கோவிலில் ஒரு புறா மிச்சம் இருந்திருக்காது.

அவள் மணல்சோற்றைக் கிண்டிக்கொண்டிருந்தாள். கோழிகள் சிதறி ஓடியதைக் கண்டுதான் திரும்பினாள். என் வாயில் விசிலைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"அடிங்கப்பா" என்றாள்.