இருபது கொடுக்க வேண்டிய எஞ்சின்

இடுப்பு வலித்தது. அரிசி ஆலையில் முப்பது வருடம் மூட்டை தூக்கினேன். கடைசி நாளன்று ஆலைக்காரர்கள் என் இடுப்பை எடுத்துக்கொண்டு ஒரு சின்ன எஸ்.யூ.வி. கொடுத்தார்கள். இடுப்பு போய்விட்டது. வலியை அவர்கள் கேட்கவில்லை, அது என்னோடு இருக்கிறது.

வண்டியின் எஞ்சின் வீட்டுக்குள் கட்டிலில் படுக்கும். நானும் என் மனைவி தங்காயியும் தரையில் படுப்போம். ஒரு லிட்டர் எஞ்சின், தண்ணீர் பாட்டில் அளவுதான். மூன்றே சிலிண்டர் என்பதால் நடக்கும்போது லேசாக நொண்டும். காலையில் தானே எழுந்துபோய் பானெட்டுக்குள் ஏறிக்கொள்ளும். தங்காயி பின்னாலேயே போய் மூடியைச் சாத்திவிட்டு வருவாள்.

"நல்லா மூடுனியா?"

"மூஞ்சி மேல படாம மூடுனனுங்க."

ஒரு நாள் வண்டிக் கம்பெனியிலிருந்து மைலேஜ் அதிகாரி வந்தார். பெயர் குமரகுருபரன். எங்கள் எஞ்சின் லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் கொடுக்கும் என்று காகிதத்தில் இருந்தது. பன்னிரண்டுதான் கொடுத்தது. கொல்லிமலை உச்சியில் போய் நிற்கும்போது மீட்டரில் இருபது இருக்க வேண்டும், இல்லையென்றால் எஞ்சினைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்றார்.

"எடுத்துட்டுப் போயி என்னங்க பண்ணுவீங்க?" என்றாள் தங்காயி.

"அறைக்குள்ள வெச்சிருவோம். இருபதுன்னு அளந்த அதே அறை. அங்க மேடு கெடையாது, எதிர்க்காத்து கெடையாது, யாரும் ஏற மாட்டாங்க. சக்கரம் நின்ன எடத்துலயே சுத்தும்."

"அப்ப அது எங்கதான் போவும்?"

"எங்கயும் போகாது. அதனாலதான் இருபது."

தங்காயி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். அவளுக்கு இடுப்பு இருக்கிறது. "கெளம்புங்க" என்றாள்.

பெட்ரோல் பங்கில் டேங்கைக் கழுத்துவரை நிரப்பச் சொன்னார் அதிகாரி. உள்ளே காற்று நின்றால் கணக்கு தப்பும், வண்டியைக் குலுக்குங்கள் என்றார். இது எனக்குத் தெரிந்த வேலை. மூட்டையைக் குலுக்கினால் இன்னும் ரெண்டு படி பிடிக்கும். குலுக்கினேன். டேங்க் குடித்தது. மறுபடி குலுக்கினேன். மறுபடி குடித்தது.

"ஏனுங்கய்யா, போதும்" என்றாள் பெட்ரோல் போடும் பெண். "இதுக்கு மேல குலுக்குனா பங்க் உங்க வண்டிக்குள்ள வந்துரும்."

பாதி வந்திருந்தது. மெதுவாக வெளியே தள்ளிவிட்டுக் கிளம்பினோம்.

சமதரையில் எஞ்சின் முனகாமல் ஓடியது. மீட்டர் இருபத்திரண்டு காட்டியது.

"பாரம் இல்லாட்டி ஒல்லிக்காரன் ரெண்டு இட்லியில எந்திரிச்சுருவான் சார். பாரம் ஏத்துனா குண்டன விட ஜாஸ்தி திம்பான்" என்றேன்.

"அது உங்களுக்கு. எஞ்சினுக்குக் காகிதம் இருக்கு" என்றார்.

காரவள்ளியில் மலை தொடங்கியது. எஞ்சின் விசிலடித்தது. அதுதான் டர்போ. விட்ட மூச்சையே பிடித்து, அதன் வேகத்தில் புதுக் காற்றை நெஞ்சுக்குள் தள்ளும். கிழிந்த வேட்டியைத் திருப்பித் தைத்துக் கட்டுகிற மாதிரி சிக்கனமான ஏற்பாடு. ஆனால் ஒவ்வொரு தள்ளுக்கும் கூடவே பெட்ரோல் கேட்கும். மீட்டர் பத்தொன்பதுக்கு வந்தது. பதினேழுக்கு வந்தது.

எழுபது கொண்டை ஊசி வளைவில் இது வளைவு நாற்பது என்று பலகை இருந்தது. அடுத்த வளைவிலும் நாற்பது. அதற்கடுத்ததிலும் நாற்பது. தங்காயி வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். பலகையின் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"வெக்கமா இல்ல? சின்னப் புள்ள ஏறுது, நீ ரோட்ட இழுத்துக்கிட்டு நிக்கற."

பலகை நாற்பத்தொன்று என்று மாறிக்கொண்டது.

மீட்டர் பதினான்கு. தங்காயி டிபன் கேரியரைத் திறந்தாள். "எல்லாரும் தின்னுருங்க. வண்டி பாரம் கொறையட்டும்."

குமரகுருபரன் யோசித்தார். "இது லஞ்சமா?"

"புளிசோறுங்க."

சாப்பிட்டார். விரலையும் நக்கினார். பிறகு கேட்டார்: "சோறு இப்ப வயித்துலதானே இருக்கு? வயிறு வண்டியிலதானே இருக்கு?"

"வயிறு எங்க சொந்தமுங்க. வண்டிக் கணக்குல எப்படிச் சேரும்?"

அவர் காகிதத்தைப் புரட்டிப் பார்த்தார். வயிறு பற்றி எதுவும் இல்லை. மீட்டர் பதினாறுக்கு ஏறியது.

ஐம்பதாவது வளைவில் பானெட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. எஞ்சின் அதுவரை பேசியதில்லை.

"முடியல."

தங்காயி ஏசி துவாரத்தில் வாயை வைத்து ஊதினாள். அவளுடைய மூச்சு உள்ளே போனது. எஞ்சின் அதை வாங்கிக்கொண்டது, பெட்ரோல் கேட்கவில்லை. மீட்டர் பதினேழு. நானும் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஊதினேன். மூட்டை தூக்கினவன் நெஞ்சு, மூச்சு நிறைய இருந்தது. வளைவுக்கு வளைவு ஊதினோம். பதினெட்டு. பத்தொன்பது. எழுபதாவது வளைவில் எங்கள் இரண்டு பேரிடமும் வீடு போய்ச் சேருகிற அளவுக்குத்தான் மூச்சு மிச்சம் இருந்தது.

உச்சியில் நின்றோம். மீட்டர் சரியாக இருபது.

"ஆஃப் பண்ணுங்க. எழுதிடறேன்" என்றார் குமரகுருபரன். பேனா மூடியைக் கழற்றிவிட்டார்.

சாவியில் கை வைத்தேன். திருப்பவில்லை. டர்போ கொதித்துக்கொண்டிருந்தது. மலை ஏறின எஞ்சினை உடனே அணைக்கக் கூடாது. ரெண்டு நிமிஷம் சும்மா ஓடவிட்டு ஆறவிட வேண்டும். மூட்டையை இறக்கினதும் நாங்கள் யாரும் உட்கார மாட்டோம். கொஞ்ச தூரம் நடப்போம். உட்கார்ந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

"ஆறட்டும் சார்."

"சும்மா ஓடுனாலும் பெட்ரோல் போகும். இருபது நிக்காது."

"தெரியும் சார்."

"பத்தொன்பதே முக்கால்னு வந்தாலும் நான் எடுத்துட்டுத்தான் போகணும்."

"வெந்து போனத எடுத்துட்டுப் போயி என்ன பண்ணுவீங்க? ஆறட்டும்."

மீட்டர் நடுங்கியது. இருபதின் கால் வழுக்கத் தொடங்கியது. தங்காயி துவாரத்தில் வாயை வைத்தாள். ஒன்றும் வரவில்லை. அவள் குமரகுருபரனைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னை எதுக்குப் பாக்கறீங்க? நான் அதிகாரி."

"அதிகாரிக்கு மூச்சு இருக்குமல்லங்க?"

"இருக்கு. ரிட்டயர்மென்ட்டுக்கு வெச்சிருக்கேன்."

பானெட்டுக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது. "மாமா."

அவர் பேனாவைச் சட்டைப்பையில் வைத்தார். கழுத்துப் பொத்தானை அவிழ்த்தார். கண்ணாடியைக் கழற்றித் தங்காயியிடம் கொடுத்தார். துவாரத்தில் வாய் வைத்து ஊதினார். பெரிய மூச்சு. பல வருடம் செலவழிக்காமல் மடித்து வைத்திருந்தது போல நாப்தலின் உருண்டை வாசம் அடித்தது.

எஞ்சின் அந்த ஒரே மூச்சில் ரெண்டு நிமிஷம் நின்று ஓடியது. சூடு இறங்கியது. விசில் அடங்கியது. சாவியைத் திருப்பினேன். மீட்டர் இருபது.

குமரகுருபரன் இருபது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஏதோ சொல்ல வந்தார், வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தங்காயி கண்ணாடியைத் துடைத்து அவர் மூக்கில் மாட்டிவிட்டாள். வண்டியில் வரச் சொன்னோம். பாரம் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு சேலம் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

அவருக்கு நாங்கள் ஒரு மூச்சு பாக்கி.