இரண்டு பக்கமும் முள்

செவ்வாய்க்கிழமை காலை ஏழு இருபதுக்கு சம்பூர்ணம் அக்காவிடமிருந்து ஒரு படமும் ஒரு குரல் பதிவும் வந்தன. நான் திருக்கழுக்குன்றத்தில் எங்கள் வீட்டில் தலை வாரிக்கொண்டிருந்தேன்.

படத்தில் அவருடைய இடது கன்னம். கண்ணுக்கு இரண்டு விரல் கீழே, மெத்தையில் பட்டன் வைத்துத் தைத்ததுபோல ஒரு குழி. நெற்றிப்பொட்டில், முடி தொடங்கும் இடத்தில், ஊதா நிறத்தில் அரிசி அளவுக்கு ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். நூலின் நுனி.

குரல் பதிவைப் போட்டேன். "பாப்பா, நேத்து ஏலத்துல கத்திட்டேன். நூலு வெளிய வந்துகீது. நீ ஒண்ணும் பயப்படாத. படகு கரைக்கு வந்ததும் எங்க கொழுந்தன் காத்தவராயன் எடுத்துடுவான். அவன் எவ்ளோ முள்ளு எடுத்துகீறான்."

திருப்பி அழைத்தேன். எடுக்கவில்லை. ஆறு முறை அழைத்தேன்.

செங்கல்பட்டில் ஒரு தோல் மருத்துவமனையில் வேலை செய்கிறேன். உயிர்வேதியியல் படித்திருக்கிறேன். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் படம் எடுப்பது, படிவம் நிரப்புவது, வீட்டில் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று படித்துக் காட்டுவது என் வேலை.

சம்பூர்ணம் அக்காவுக்கு ஐம்பத்தொரு வயது. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பம். முதல் நாள் நான் அவரை ஆன்ட்டி என்று கூப்பிட்டேன். "அக்கான்னு கூப்டு. ஆன்ட்டின்னா இங்க இன்னாத்துக்கு வரேன்?" என்றார். கன்னம் தொங்குவதால் பார்ப்பவர்கள் எல்லாரும் உடம்பு சரியில்லையா என்று கேட்கிறார்களாம். "மூஞ்சி தொங்கிப் போனா வியாபாரிங்க வெலையக் கொறைக்கறானுங்க, டாக்டரம்மா. களைச்சிப் போயிட்டா, சீக்கிரம் வுட்டுக் குடுத்துடுவான்னு நெனைக்கறானுங்க."

டாக்டர் துர்காதேவி அவரிடம் மாதிரி நூலைக் காட்டினார். ஊசி வழியாக இதைத் தோலுக்கு அடியில் செலுத்தி மேலே இழுப்போம், நூலில் இருக்கும் சிறு முட்கள் உள்ளே பிடித்துக்கொள்ளும், ஏழெட்டு மாதத்தில் நூல் தானாகக் கரைந்துவிடும் என்றார். அக்கா அதைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார்.

"தூண்டி முள்ளு மாதிரி கீது. உள்ள போவும், திரும்பி வராது."

"கரெக்டா சொல்லிட்டீங்க" என்று டாக்டர் சந்தோஷப்பட்டார். இவ்வளவு சீக்கிரம் யாரும் புரிந்துகொண்டதில்லை.

போன வெள்ளிக்கிழமை சிகிச்சை நடந்தது. படிவத்தில் தொழில் என்ற இடத்தில் 'மீன் வியாபாரம்' என்று எழுதினேன். பன்னிரண்டு குறிப்புகளையும் படித்தேன். மல்லாந்து படுக்க வேண்டும். கடினமானதை மெல்லக்கூடாது. பதினான்கு நாட்கள் வாயை அகலமாகத் திறக்கவோ சத்தமாகப் பேசவோ கூடாது. எல்லாவற்றுக்கும் அக்கா தலையாட்டினார். மீன் வியாபாரத்தில் அவர் என்ன செய்கிறார் என்று நான் கேட்கவில்லை. தெரியாதவர்களிடம் கேள்வி கேட்பது எனக்கு எப்போதும் கஷ்டம்.

ஏலத்தில் கத்துவதுதான் அவர் வேலை என்று இப்போது தெரிந்தது.

டாக்டரை அழைத்தேன். செவ்வாய்க்கிழமைகளில் அவர் எங்கள் திருப்போரூர் கிளையில் இருப்பார்.

"நுனி மட்டும் வந்திருந்தா பிரச்சினை இல்ல, கட் பண்ணிடலாம். யாரும் அதை இழுக்கவோ உள்ள தள்ளவோ கூடாது. கிழிஞ்சிடும், சீழ் பிடிச்சா தழும்பாயிடும். நேரா இங்க கூட்டிட்டு வந்துடுங்க."

"மேடம், அவங்க போன் எடுக்கல."

"அப்ப போங்க."

ஸ்கூட்டியை எடுத்தேன். இந்தப் பக்கத்துக் கடற்கரையில் கையில் தூண்டில் முள் ஏறிவிட்டால் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். வந்த வழியில் இழுக்க மாட்டார்கள். முன்னால் தள்ளுவார்கள். நுனி தோலைக் குத்திக்கொண்டு வெளியே வந்ததும் கொக்கியைக் குறடால் வெட்டிவிட்டு மிச்சத்தை உருவுவார்கள். தூண்டிலுக்கு அது சரியான முறை. படகு கரைக்கு எப்போது வரும் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

குப்பத்தில் கோயிலுக்குப் பின்னால் வண்டியை நிறுத்தினேன். படகு வந்துவிட்டிருந்தது. ஏழெட்டுப் பேர் அதை மணலில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதற்கு அந்தப் பக்கம் ஒரு ஐஸ் பெட்டியின் மேல் சம்பூர்ணம் அக்கா கண்ணை மூடி, முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தார். ஈர லுங்கியோடு ஒருவர் லைட்டரில் குறட்டின் நுனியைச் சூடுபடுத்திக்கொண்டிருந்தார். அவர்தான் காத்தவராயன்.

ஓடினேன். மணலில் செருப்பு புதைந்தது. கழற்றி விட்டுவிட்டு ஓடினேன்.

"அண்ணா, தொடாதீங்க."

என் குரல் எனக்கே கேட்கவில்லை. அலையும் படகு தள்ளுகிறவர்களின் கூச்சலும் அதை விழுங்கிவிட்டன. அவர் குனிந்தார். இடது கையால் அக்காவின் தலையைப் பிடித்துக்கொண்டார்.

ஊரில் எல்லாரிடமும் பல் வைத்தியம் என்றுதான் சொல்லியிருக்கிறேன் என்று அக்கா எங்களிடம் சொல்லியிருந்தார். நோயாளியின் விஷயத்தை வெளியில் சொல்லக்கூடாது என்பது எங்கள் மருத்துவமனையின் விதி. இரண்டும் நினைவில் இருந்தன. இருந்தும் கத்தினேன்.

"அந்த நூல் முழுக்க முள்ளு! ரெண்டு பக்கமும் முள்ளு! தள்ளினா கன்னம் கிழிஞ்சிடும்!"

படகு தள்ளுகிறவர்கள் நின்றார்கள். வலை பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பினார்கள். தலையில் ஹெல்மெட்டுடன் நான் நடுவில் நின்றேன்.

காத்தவராயன் நிமிர்ந்தார். "இன்னாம்மா சொல்ற? ரெண்டு பக்கமுமா?"

ஒரு குச்சியை எடுத்து மணலில் வரைந்து காட்டினேன். ஒரு கோடு. மேல் பாதியில் முட்கள் கீழே பார்க்க, கீழ்ப் பாதியில் முட்கள் மேலே பார்க்க.

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "இழுத்தாலும் மாட்டும், தள்ளினாலும் மாட்டும். தூண்டில ஒரு பக்கம்தான முள்ளு, அண்ணி. இது இன்னா பேஜாரு?" குறட்டை இடுப்பில் செருகிக்கொண்டார். "டாக்டர் கைல வுடு."

அப்போதுதான் சுற்றிலும் பார்த்தேன். "அக்கா, மன்னிச்சிடுங்க. எல்லார் எதிர்லயும் சொல்லிட்டேன்."

வலையருகே உட்கார்ந்திருந்த செல்லம்மா என்ற பெண் சிரித்தார். "எங்களுக்கு மின்னாடியே தெரியும் கண்ணு. சம்பூர்ணம் நேத்து ஏலம் வரைக்கும் மூணு நாளா வாயத் தொறக்கல. பல்லு வலின்னா இவ ஊரையே கூட்டியிருப்பாளே."

சம்பூர்ணம் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு உள்ளங்கைகளாலும் கன்னங்களை அழுத்திப் பிடித்துக்கொண்டு மூக்கால் சிரித்தார். "சும்மா கெட செல்லம்மா. சிரிக்க வெச்சி மிச்ச நூலையும் வெளிய எடுத்துடாத."

ஹெல்மெட் கன்னத்தை அழுத்தும் என்பதால் ஸ்கூட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காத்தவராயன் ஆட்டோ பிடித்துக்கொடுத்தார். திருப்போரூர் வரும்வரை அக்கா கண்ணாடியில் அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒருமுறை மட்டும், "இது இப்பிடியே நின்னுடுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன்.

டாக்டர் விளக்கைக் கிட்டே இழுத்துப் பார்த்தார். சீழ் இல்லை. இடத்தைச் சுத்தம் செய்து, தோலை லேசாக அழுத்தி, வெளியே இருந்த நுனியைக் கத்தரித்தார். தோல் அதன்மேல் மூடிக்கொண்டது. பிறகு கட்டைவிரலைக் குழியின் மேல் வைத்து ஒரே சீராக மேல்நோக்கித் தேய்த்தார். உள்ளே ஏதோ விடுபட்டதுபோல அக்கா கண்ணை விரித்தார். டாக்டர் விரலை எடுத்தபோது குழி பாதிதான் இருந்தது.

"மீதி பத்து நாள்ல தானா போயிடும். தழும்பு வராது."

அருகில் ஒரு ஸ்டூல் இருந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "என்ன வேலைன்னு முதல்லயே தெரிஞ்சிருந்தா படகு போகாத, கடல் கொந்தளிக்கிற மாசமா பார்த்து வரச் சொல்லியிருப்பேன். சத்தமா பேசக்கூடாதுன்னு சொன்னீங்களா?"

"படிச்சேன் மேடம்."

"பாப்பா படிச்சா டாக்டரம்மா" என்றார் அக்கா, உதட்டை அதிகம் அசைக்காமல். "படிச்சது எனக்குத்தான் கேக்கல. அந்தக் குரல்ல ஏலம் வுட்டா நெத்திலி கூட வெல போவாது." என் கையில் ஒரு தட்டு தட்டினார். "இன்னிக்கி வுட்ட பாரு, அது கொரலு."

டாக்டர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிக்கிறார் என்று தோள்களில் தெரிந்தது.

அடுத்த பத்து நாட்களும் காத்தவராயன்தான் ஏலம் விட்டார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து விரலைக் காட்டுவார். அவர் தப்பாகச் சொன்னால் தொடையில் கிள்ளுவார். தினமும் மாலை எனக்கு ஒரு படம் வரும். நான் முதல் நாள் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். சிகிச்சைக்குப் பின் ஏழாம் நாள் குழி ஒரு நிழல். ஒன்பதாம் நாள், தெரிந்து தேடினால்தான். பதினான்காம் நாள் இரண்டு பக்கமும் வாய் ஓரத்திலிருந்து காது வரை அளந்தேன். வித்தியாசம் கிடைக்கவில்லை. திரும்பவும் அளந்தேன்.

படிவத்தில் ஒரு வரி சேர்க்க டாக்டர் ஒத்துக்கொண்டார். 'உங்கள் வேலையில் கத்த வேண்டியிருக்குமா?' அதைப் படிக்கும்போது மட்டும் கொஞ்சம் உரக்கப் படிக்கிறேன்.

பதினைந்தாம் நாள் காலை ஏழு மணிக்குப் போன் அடித்தது. சம்பூர்ணம் அக்கா. ஹலோ என்றேன். அலைச் சத்தம், யாரோ இருமுவது, பெட்டி இழுபடுவது. பிறகு ஒரு மூச்சு உள்ளே போனது.

"வஞ்சரம்! நாலாயிரம்! நாலாயிரத்து எரநூறு! இன்னா கோதண்டராமா, என் மூஞ்சியவே பாத்துகினு நிக்கற? வெலையச் சொல்லு!"

போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.