எடைக்கு எடை கருப்பட்டி

நேர்ந்துகொண்டவர் ஒருவர், தராசில் ஏற வேண்டியவள் இன்னொருத்தி. இது எந்த ஊர் நியாயம் என்று சண்முகவடிவு கேட்டாள். 

அவள் புருஷன் வீரபாகு, வெங்காயத்தையும் வத்தலையும் தோணியில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பும் தூத்துக்குடி வியாபாரி. புதுத் துறைமுகம் திறந்த வருஷம் கார்த்திகையில் புயல் அடித்தது. அவர் சரக்கு ஏற்றிய தோணி எங்கே போனதென்றே தெரியவில்லை. பழைய துறைமுகத்தில் நின்றுகொண்டு, பக்கத்தில் நின்ற வியாபாரிகள் காதில் விழும்படி, "செந்தூர் முருகா, சரக்கு கரை சேந்துட்டா என் வீட்டுக்காரி எடைக்கு எடை கருப்பட்டி தாரேன்" என்று கும்பிட்டுவிட்டார். அவர் ஒடிசலான ஆள். சண்முகவடிவு நல்ல கனம். தன் எடைக்கு நேர்ந்திருந்தால் ஊரில் என்ன பெருமை? கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான்.

தோணி பத்திரமாகக் கரை சேர்ந்தது. எவ்வளவு கருப்பட்டிக்குச் சொல்லிவைக்க வேண்டும் என்று பார்க்க அவளைச் சரக்கு அடுக்கிவைக்கும் கிட்டங்கிக்கு வரச்சொல்லி, மூடை நிறுக்கிற பெரிய தராசில் உட்காரவைத்தார். சுமை தூக்குகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். படிக்கல்லுக்கு மேல் படிக்கல் வைத்தும் அவள் இருந்த தட்டு எழும்பவில்லை.

"ஏளா, வெங்காய மூடை தேவலைபோல இருக்கே" என்றார் வீரபாகு. அத்தனை பேரும் சிரித்தார்கள். கடைசியில் தட்டு எழும்பியதும் எடையைச் சத்தம் போட்டுச் சொன்னார். சாயங்காலத்துக்குள் மார்க்கெட் முழுக்க அந்த எடை பரவிவிட்டது.

அவள் வீட்டுக்கு வந்து அழவில்லை. கையில் அகப்பட்ட மண்பானையைத் தூக்கி முற்றத்தில் அடித்தாள். அது உடைந்த சத்தம் போதவில்லை என்று தோன்றியது.

அவள் மாமியார் இசக்கியம்மாள், "சாமிக்குப் பழைய கருப்பட்டியா கொடுக்க? பதனீர் காலம் வரட்டும். புதுக் கருப்பட்டி இறங்கினதும் ஆவணித் திருவிழாவுல துலாபாரம் வச்சிக்கிடுவோம்" என்று சொல்லிவிட்டாள். மறுநாள் விடியற்காலையிலேயே சண்முகவடிவு கடற்கரை ரோட்டில் நடக்கக் கிளம்பிவிட்டாள்.

உடம்பைக் குறைப்பது அவளுக்குப் புதிதல்ல. நாத்தனார் கல்யாணத்துக்காகப் பட்டினி கிடந்து குறைத்தாள். அந்தக் கல்யாணப் பந்தியிலேயே மறுபடி ஏற ஆரம்பித்தது. சஷ்டி விரதத்தில் குறைந்ததும் அடுத்த மாதமே திரும்பி வந்தது. எல்லாம் அடுத்தவர் கண்ணுக்காகக் குறைத்தது, நிற்குமா? இந்தத் தடவை யாருக்காகவும் இல்லை. குறைந்தது குறைந்தபடி நிற்க வேண்டும். பட்டினி கிடக்கவில்லை. தட்டில் சோற்றைப் பாதியாக்கினாள், நடையை ஒருநாளும் விடவில்லை.

நடந்து களைத்தால் கடலைப் பார்த்துக் கிடந்த ஒரு கல்லில் உட்காருவாள். முதலில் மூச்சு வாங்கத்தான் உட்கார்ந்தாள். போகப்போக, மூச்சு அடங்கிய பிறகும் எழுந்திருக்க மனம் வரவில்லை. கண்ணை மூடினால் கிட்டங்கிச் சிரிப்பு கேட்கும். கோபம் பொங்கும். விரட்டிப் பார்த்தாள், போகவில்லை. சரி, இருந்துவிட்டுப் போ என்று விட்டாள். அப்படி விட்டபோது, கோபத்துக்குப் பக்கத்திலேயே சத்தமில்லாமல் ஒன்று இருப்பது தெரிந்தது. அது முருகனா, வேறெதுவுமா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் மாதா கோயிலுக்குள்கூடப் போய் உட்கார்ந்து பார்த்தாள். அங்கேயும் அது இருந்தது. புருஷன் வியாபாரத்துக்கு, மகள் பிரசவத்துக்கு, கொழுந்தன் வேலைக்கு என்று எத்தனை கோயில் ஏறி இறங்கியிருக்கிறாள்! தனக்கென்று ஒரு தடவைகூடச் சாமி முன்னால் நின்றதில்லை. நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது.

ஆடி மாதத்தில் விஷயம் வெளியே வந்தது. பக்கத்துத் தெருவில் தையல் மிஷின் வைத்திருக்கும் ஞானபாய், பிடித்துத் தைத்த ரவிக்கைகளைக் கொடுக்க வந்தவள், "உங்க மருமவ பாதியா போயிட்டாவ, பாத்தியளா?" என்று மாமியாரிடம் சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அவ்வளவுதான். இசக்கியம்மாள் தலையில் கை வைத்துவிட்டாள்.

"ஏளா பாவி, சாமிக்கு நேந்த எடைய நீ எப்படிக் குறைக்கலாம்? அது முருகனுக்கு உள்ளதுல்லா?"

"என் உடம்பு அத்தை அது."

"நேந்தாச்சுல்லா! அதுக்குப் பொறவு உனக்கு ஏது?"

வீரபாகு கிட்டங்கியிலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தார். அவருக்கு முருகனைவிட மார்க்கெட் பயம் பெரிது. "என் தராசை இதுவரைக்கும் ஒருத்தன் குறை சொன்னதில்ல. சாமிக்கே எடையில குறைச்சவம்னு நாளைக்கு ஒவ்வொருத்தனும் பேசுவானே. திருவிழா வரைக்கும் நல்லா தின்னு. பொறவு எப்படியும் போ."

"நான் என்ன பன்னியா, வளத்து அறுக்கதுக்கு?" என்றாள் சண்முகவடிவு. "பழைய எடைக்கே கருப்பட்டியக் குடுங்க. நானா வேண்டாங்கேன்?"

"தட்டு சரியா நிக்கணும்ளா. நிக்கலன்னா அது துலாபாரமா?"

அன்றிலிருந்து அவள் இலையில் நெய் ஆறாக ஓடியது. உளுந்தங்களியும் புட்டும் பலகாரமுமாக மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்து பரிமாறினாள். வேண்டாம் என்றால் ஒப்பாரி. கட்டிய புருஷன் அவள் செருப்பை எடுத்து ஒளித்துவைத்தார். சண்முகவடிவு வெறுங்காலோடு நடந்தாள். காலில் முள் குத்தியபோதெல்லாம் வீட்டில் இருக்கிற இரண்டு பேரையும் வாய்விட்டுத் திட்டினாள். திட்டிக்கொண்டே போய்க் கல்லில் உட்கார்ந்தாள். இலையில் வைத்ததைத் தொடவில்லை.

ஆவணித் திருவிழாவும் வந்தது. வேன் பிடித்து, சொந்தக்காரர்களும் மார்க்கெட் வியாபாரிகளுமாகத் திருச்செந்தூர் போனார்கள். கருப்பட்டி ஓலைப்பெட்டிகளில் தனியாக வந்தது. கோயில் மண்டபத்தில் தராசுக்கு முன்னால் கூட்டம் நின்றது. சண்முகவடிவு ஒரு தட்டில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். எதிர்த்தட்டில் கருப்பட்டியை அடுக்கினார்கள். கொண்டுவந்ததில் பாதிக்கு மேல் கொஞ்சம் வைத்ததுமே அவள் தட்டு அந்தரத்துக்குப் போய்விட்டது. பெட்டிகள் இன்னும் பாக்கி இருந்தன.

"என்ன அண்ணாச்சி, நிறுத்ததுல கோளாறா, நேந்ததுல கோளாறா?" என்று ஒரு வியாபாரி கேட்டார். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது.

வீரபாகுவுக்கு முகம் கறுத்தது. மாலை சரிசெய்கிறவர் மாதிரி அவள் பக்கத்தில் வந்தார். கையில் ஒரு துணிப்பை. அதை அவள் மடியில் வைத்தார். கனத்தது. இரும்பு. படிக்கற்கள்.

"சேலையப் போட்டு மூடிக்கோ. பேசாம இரு" என்றார் காதோடு.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வியாபாரத்தில் கள்ள எடை போட்டதில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிற மனுஷன், சாமி சந்நிதியில், பெண்டாட்டி மடியில் வைத்துக் கள்ள எடை போடுகிறார்! அதற்கு அவளும் உடந்தையாக இருக்க வேண்டுமாம். கிட்டங்கியில் பேசாமல் இருந்தவள்தானே, இங்கேயும் இருப்பாள் என்ற தைரியம்.

பையைத் தூக்கிக் கல்தரையில் போட்டாள். இரும்புச் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. கற்கள் உருண்டன.

"எல்லாரும் பாத்துக்கிடுங்க. எங்க கடைப் படிக்கல்லு. என் மடியில ஒளிச்சு வைக்கதுக்குக் கொண்டாந்திருக்காவ" என்றாள். தராசுக்காரரைப் பார்த்து, "கருப்பட்டிய எடுங்க. தட்டு நேரா நிக்க வரைக்கும் எடுத்துக்கிட்டே இருங்க" என்றாள்.

எடுத்தார். ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க அவள் தட்டு இறங்கியது. தராசு ஆடி ஆடி நின்றது. அவள் தட்டும் கருப்பட்டித் தட்டும் ஒரே மட்டம். கையில் ஒரு கல் இல்லை, மடியில் ஒரு பொய் இல்லை. எவ்வளவோ அவ்வளவு. இறங்கி நின்றாள்.

"மிச்சத்தை என்னம்மா செய்ய?" என்றார் தராசுக்காரர்.

"நேந்தது அவுக வாயி. அவுகளே ஏறி உக்காரட்டும்."

இசக்கியம்மாள் "ஐயோ" என்றாள். வியாபாரிகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏறாவிட்டால் காலமெல்லாம் பேசுவார்கள் என்று வீரபாகுவுக்குத் தெரியும். குனிந்த தலை நிமிராமல் ஏறி உட்கார்ந்தார். மிச்சக் கருப்பட்டி முழுவதையும் வைத்தும் அவர் தட்டு தரையை விட்டு எழும்பவில்லை. வெளிக்கடைகளில் கருப்பட்டி வாங்க ஆள் ஓடினான். அது வரும்வரைக்கும் அத்தனை பேர் முன்னால் தட்டில் உட்கார்ந்திருந்தார். யாரும் சிரிக்கவில்லை. சண்முகவடிவும் சிரிக்கவில்லை. அவளுக்குக் கோபம் இன்னும் தீரவில்லை.

ஒருவழியாக எல்லாம் முடிந்தது. வீரபாகு வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், "வண்டியில ஏறு, போவோம்" என்றார்.

"நீங்க போங்க. நான் சாமி கும்பிட்டுட்டு பஸ்ஸுல வாரேன்."

"இவ்வளவு நேரமும் இங்கன என்னளா செஞ்ச?"

"உங்க நேர்ச்சைய முடிச்சேன்" என்றாள். "இனிமேதான் எனக்குன்னு கும்பிடணும்."