விதைக்கு விட்ட புடோல்

தவமலர் புடோல் கொடியில் புடலம்பிஞ்சு ஒன்றின் நுனியில் கல் கட்டிக்கொண்டிருந்தபோது தம்பியின் குரல் செய்தி வந்தது. இரண்டு கையிலும் நூல். பிஞ்சு சுருண்டு போகாமல் நேராக இறங்கவேண்டுமென்றால் இந்தப் பருவத்திலேயே கல்லைக் கட்டிவிட வேண்டும். கீரிமலைக் கடற்கரையில் பொறுக்கிய உருண்டைக் கற்களை அவள் இதற்கென்றே ஒரு தேங்காய்ச் சிரட்டையில் போட்டு வைத்திருந்தாள். முடிச்சைப் போட்டுவிட்டு, போனைப் பந்தல் காலில் சாய்த்து வைத்துச் சின்ன விரலால் அமத்தினாள்.

"அக்கா, கிறிஸ்ரோபரோடை கதைச்சிட்டன். வாற கிழமை பெக்கோ மெசின் கொண்டுவந்து பின்வளவை மட்டப்படுத்தி இன்ரலொக் கல்லுப் பதிப்பினம். பிள்ளையின்ரை சாமத்திய வீட்டுப் பந்தல் அங்கைதான் வரவேணும். செம்பாட்டு மண்ணுக்குள்ளை சனம் உழக்கேலாது. நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. ஆ, ஒண்டு. விதைக்கு விட்ட புடோலையும் பாகலையும் மட்டும் பத்திரமா ஆய்ஞ்சு வையுங்கோ. எனக்கு வாற வருசத்துக்குத் தேவை."

அவள் மறுபடியும் போட்டுக் கேட்டாள். தான்தான் பிழையாகக் கேட்டிருப்பேனோ என்று ஒரு நப்பாசை. இல்லை. கல் பதிப்பதும் அப்படியே இருந்தது, விதை கேட்டதும் அப்படியே இருந்தது. அந்த "ஆ, ஒண்டு"தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. தோட்டத்தை அழிக்கச் சொன்னதைக்கூட யோசியாமல் சொல்லிவிட்டான் என்று தள்ளிவிடலாம். அழிக்கப்போகிற தோட்டத்தில் தனக்கு வேண்டியதை மட்டும் மறக்காமல் ஞாபகம் வைத்திருந்தானே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

கோப்பாயில் வீடும் நிலமுமாக அந்த வளவு அவளுடைய சீதனத்துக்கென்று ஒதுக்கியிருந்தது. கலியாணம் பேசினார்கள், சண்டையில் இடம்பெயர்ந்தார்கள், திரும்பி வந்து மறுபடி பேசினார்கள். அதற்குள் அவளுக்கு வயது போய்விட்டது. உடைந்து கிடந்த வீடு தம்பி சீலனின் கனடாக் காசில் எழும்பியது. எழும்பிய கையோடு காணி உறுதிப் பத்திரமும் அவன் பெயருக்குப் போனது. "உங்களுக்கு உயிருள்ள மட்டும் இருக்க வீடு இருக்குத்தானே அக்கா" என்றான். வளவைப் பற்றி அவன் வாய் திறக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. பின்னால் பற்றை மண்டிக் கிடந்த நிலத்தை வெட்டி, ஓட்டுத் துண்டும் துருப்பிடித்த தகரமும் பொறுக்கி, மாட்டெரு போட்டுப் பாத்தி கட்டியது அவள்தான். கிணற்றிலிருந்து வாய்க்கால் வெட்டி, ஒவ்வொரு பாத்திக்கும் காலால் மண்ணைத் தள்ளித் தண்ணீர் மாறிவிட்டதும் அவள்தான். கறிக்கென்று அவள் சந்தைப் பக்கம் போனதில்லை. அச்சுவேலிச் சந்தையில் கடை போடுகிறவர் ஒருவர் கிழமைக்கு ஒருமுறை வாசல் படலைக்கே வந்து காய் எடுத்துக்கொண்டு போவார். அவர் "பிள்ளை" என்று கூப்பிடுகிற அந்தக் காலை நேரம் அவளுக்குப் பிடிக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால் சீலனும் ஒரு தோட்டக்காரன். சும்மா தோட்டக்காரன் இல்லை, கனடாவில், ஸ்காபரோவில் பேர்போன தோட்டக்காரன். இங்கே இருந்த காலத்தில் மண்வெட்டியைத் தொட்டுப் பார்த்திராத பெடியன், பாதி வருடம் பனி கொட்டுகிற ஊருக்குப் போன பிறகுதான் அவனுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. பங்குனி பிறந்தால் நிலவறைக்குள் தட்டுத் தட்டாக மண்ணைப் போட்டு, மேலே விளக்கு, கீழே சூட்டுத் தட்டு வைத்து விதை முளைக்க வைப்பான். கன்று கொஞ்சம் தேறியதும் பகலில் வெளியே வைத்து வெயில் காட்டி, பின்னேரம் ஒவ்வொன்றாக உள்ளே தூக்கி வருவான். வைகாசி கடைசியில்தான் நிலத்தில் நடுவான். ஐப்பசியில் முதல் உறைபனி விழுந்தால் இலையெல்லாம் அவித்ததுபோலக் கறுத்துவிடும், அதற்குள் காய்த்தால் காய்த்ததுதான். கறிவேப்பிலை மரமொன்றை வாளியில் வைத்து, வாளிக்குச் சில்லுப் பூட்டி, குளிர்காலம் முழுக்க வரவேற்பறையில் வைத்திருந்தான். அந்த வாளிக்கு வீட்டில் இருக்கிற மதிப்பு வேறொருவருக்கும் இல்லை என்று அவன் மனைவி றஜனி பகிடியாகச் சொல்வாள்.

பெண்பூ எது, ஆண்பூ எது என்று காட்டிக் கொடுத்தது தவமலர். வண்டு வராத ஊரில் பூவோடு பூவை ஒற்றச் சொன்னதும் அவள். ஒவ்வொரு வருடமும் அவளுடைய விதைதான் மிளகாய்த்தூள் பொதிக்குள் ஒளிந்து விமானம் ஏறியது. அவன் அங்கே கல் கிடைக்காமல் வேலை செய்கிற இடத்திலிருந்து இரும்பு நட்டுகளைக் கொண்டுவந்து புடோலில் கட்டித் தொங்கவிட்டு வீடியோவில் காட்டியபோது அவள் வாய்விட்டுச் சிரித்திருக்கிறாள். அவனோடு கதைக்க அவளுக்கு வேறு கதை இருக்கவில்லை. அதனால்தான் இந்த முறை கோபம் இப்படி வந்தது. மண்ணின் அருமை தெரியாத ஒருவன் சொல்லியிருந்தால் மூதேவி என்று திட்டிவிட்டுப் போயிருப்பாள். இவனுக்குத் தெரியும். நன்றாகத் தெரியும்.

அன்று பின்னேரமே அவள் போன் எடுத்தாள்.

"பந்தலை முன்வளவிலை போடலாமே தம்பி?"

"முன்னுக்கு வாகனம் நிக்கவேணும் அக்கா."

"அப்ப கிணத்தடிப் பக்கம் மட்டும் கொஞ்சத்தை விடன். நாலு பாத்தி."

"அரைகுறையாச் செய்தா வடிவில்லை. ட்ரோன் வைச்சு மேலாலை வீடியோ எடுப்பினம்."

பின்னால் றஜனியின் குரல் கேட்டது. "மச்சாளுக்கும் வயசு போகுதெல்லே. இனியும் கிடந்து தண்ணி மாறாமல் ஆறட்டும் எண்டு சொல்லுங்கோ."

ஆற வேண்டுமாம். கால் நீட்டி இருந்து, கல் பதித்த முற்றத்தைப் பார்த்துக்கொண்டு ஆற வேண்டுமாம். அவள் போனை வைத்துவிட்டாள்.

கல் பதிக்கிற வேலையை எடுத்த கிறிஸ்ரோபர் நல்ல மனுசன். பெக்கோ வந்து நின்ற பிறகும் அவன் கொஞ்ச நேரம் பந்தலுக்குக் கீழே நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்பிடிக் காய்ச்சுக் கிடக்கு அக்கா. கொஞ்ச நாள் பொறுப்பமோ எண்டு சீலன் அண்ணையிட்டைக் கேட்டுப் பாத்தனான்."

"என்னவாம்?"

"ஆனிக்குள்ளை முடிக்கட்டாம்."

"அப்ப முடி. என்னை ஏன் பாக்கிறாய்?"

அவள் விதைக்கு விட்ட காய்களை ஆய்ந்தெடுத்துக்கொண்டு குசினி அடுப்படிக்குப் போனாள். கற்கள் இருந்த சிரட்டையையும் எடுத்துக்கொண்டாள். பெக்கோ பந்தலை இழுத்த சத்தம் கேட்டது, பிறகு மண்ணை வாருகிற சத்தம். அவள் எருப்போட்டு எருப்போட்டுப் பதமாக்கிய மேல்மண்ணை ட்ராக்டரில் ஏற்றி யாரோ ஒருவருடைய பள்ளத்தை நிரப்பக் கொண்டுபோனார்கள். அன்று அவள் சோறு காய்ச்சவில்லை. பிறகு சாம்பல் நிறமும் சிவப்புமாகக் கல் வந்து இறங்கியது. பதித்து முடித்த பிறகு மத்தியானச் சூட்டில் வெறுங்காலோடு கிணற்றடிக்குப் போக முடியவில்லை.

சீலனின் மகள் பெரியபிள்ளையானதற்கான சாமத்திய வீடு பெரிதாகத்தான் நடந்தது. கோபிகா நல்ல பிள்ளை, "மாமி, மாமி" என்று பின்னாலேயே திரிந்தாள். அவள்மேல் தவமலருக்கு ஒரு கோபமும் இல்லை. சாப்பாடெல்லாம் முடிந்து சனம் வெற்றிலை போடுகிற நேரம், சீலன் புதுக் கல்லின்மேல் கதிரையைப் போட்டுக்கொண்டு போனில் தன் தோட்டத்தைக் காட்டிக்கொண்டிருந்தான். புடோல் பந்தல் முன்பு நின்ற அதே இடம். சுற்றி நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். "பனிக்குள்ளையோ?" என்று யாரோ கேட்டார்கள்.

"நாலு மாதம்தான் எங்களுக்கு" என்றான் சீலன். "அதுக்குள்ளை அவ்வளவும் எடுக்கிறம். இங்கை பன்ரெண்டு மாதமும் வெயில், கிணத்திலை தண்ணி, செம்பாட்டு மண். இருந்தென்ன? எங்கடை சனத்துக்குச் சோம்பல். காசை எதிர்பாத்துக்கொண்டு, சந்தையிலை காய் வாங்கித் தின்னுதுகள்."

எல்லாரும் சிரித்தார்கள். தவமலர் பாயசச் செம்போடு அவனுக்குப் பின்னால் நின்றாள். அவள் பாயசம் வார்க்காமலே திரும்பியதை அற்புதராணி மட்டும்தான் பார்த்தாள். வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரி. அன்றைய சாம்பாருக்குப் புடோல் அச்சுவேலிச் சந்தையில் வாங்கியது என்பதும் அவளுக்குத் தெரியும்.

அடுத்த நாள் மத்தியானம் எல்லாரும் வான் பிடித்துக் கீரிமலைக்குக் குளிக்கப் போனார்கள். தவமலர் கால் நோகுது என்று நின்றுவிட்டாள். வீடு அடங்கியதும் காய்ந்த காய்களை உடைத்து, விதைகளைச் சுளகில் கொட்டினாள். தடித்த, நிறைந்த விதைகள். பொறுக்குகிறபோதே இரண்டாகப் பிரித்தாள். ஒரு பங்கைத் தாளில் சுற்றி ஒரு பக்கம் வைத்தாள். மற்றப் பங்குக்கு அடுப்பை மூட்டித் தாச்சியை வைத்தாள்.

விதையை வறுப்பது பாவம் என்று அவளுக்கும் தெரியும். இத்தனை வருடத்தில் ஒரு விதையை அவள் மிதித்ததுகூட இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பு காதுக்குள் நின்றது. சோம்பலாம்! அவள் நெருப்பை அடக்கி வைத்தாள். மல்லியும் மிளகாயும் கருகாமல் வறுத்துப் பழகிய கை. எவ்வளவு சூட்டில் உயிர் போகும், எவ்வளவு சூட்டில் நிறம் போகும் என்று அதற்குத் தெரியும். புடோல், பிறகு பாகல், பிறகு பயித்தங்காய் விதை. அகப்பையால் மெதுவாகப் பிரட்டிக்கொண்டேயிருந்தாள். நல்ல வாசம் வந்தது.

வேலிக்கு மேலால் அற்புதராணியின் குரல். "என்ன தவமக்கா, வறுக்கிறியளோ?"

"ஓம். தம்பிக்குக் குடுத்துவிட."

"தூளோ?"

"தூளும் குடுப்பம்."

ஆறவிட்டு, வழக்கம்போலச் சாம்பல் பூசினாள். வழக்கம்போலச் சின்னச் சின்னப் பொதிகளாகக் கட்டி, வழக்கம்போல அவனுக்கு விளங்குகிற மாதிரிப் பெயர் எழுதினாள். பிறகு மற்றத் தாளையும் சிரட்டையையும் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் படலைக்குப் போனாள்.

"இந்தா. தையிலை போடு."

"தம்பிக்கு?"

"அவனுக்கு வேறை இருக்கு."

விடைபெறுகிறபோது சீலன் அந்தப் பொதிகளைக் கைப்பையில் தன் கடவுச்சீட்டோடு வைத்தான். "உங்கடை கைராசி அக்கா. அங்கை சனம் இந்த விதையைத்தான் கேட்டுக்கொண்டு நிக்குது" என்றான். காலில் விழுந்து கும்பிட்டான். அவள் விபூதி பூசிவிட்டாள்.

மாரி வந்தது. வழக்கமாக முதல் மழைக்கு அந்த வளவு ஒரு வாசம் விடும். இந்த முறை கல்லின்மேல் தண்ணீர் வழுக்கிக்கொண்டு ஓடித் தெருவில் தேங்கியது. தையில் அற்புதராணி பாத்தி கட்டினாள். எவ்வளவு ஆழத்தில் ஊன்றுவது, எப்போது கொழுகொம்பு வைப்பது என்று வேலியால் கேட்பாள். தவமலர் இந்தப் பக்கம் கதிரையில் இருந்து சொல்வாள். ஒருநாள் பொறுக்காமல் எழும்பிப் போய் அவளுடைய பந்தலைத் தானே கட்டிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

சித்திரையில் ஒருநாள் விடியற்காலை சீலன் வீடியோவில் வந்தான். அங்கே இரவு. தவமலர் கிணற்றடியில் முகம் கழுவிவிட்டு வெறுங்காலோடு நின்றாள். நேற்றைய வெயில் கல்லுக்குள் இன்னும் மிச்சமிருந்தது.

"அக்கா, ஒண்டும் காணேல்லை. பாருங்கோ."

நிலவறை. வெள்ளை விளக்கு. வரிசையாகத் தட்டுகள், கறுப்பாக ஈர மண், அதில் ஒரு பச்சைப் புள்ளி இல்லை. அதன்மேல் குனிந்த அவனுடைய வழுக்கை.

"றஜனி மண் பிழை எண்டுறா. நான் ரெண்டு தரம் மண் மாத்திப்போட்டன். வெளியிலை தெருக்கரையிலை இன்னும் பனி கிடக்கு. ஒருவேளை சூடு குறைவோ, காணாதோ?"

"சூடு காணும்" என்றாள் தவமலர்.

"பின்னை ஏனக்கா?" ஒரு சின்னப் பிள்ளையின் குரல்போல இருந்தது. அவன் போனுக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்தான். "உது என்ன உங்கடை பின்னாலை, வேலிக்கு மேலாலை? புடோல் பூவோ?"

அவள் திரும்பிப் பார்த்தாள். இரவு விரிந்த பூக்கள் இன்னும் வாடவில்லை. இதழ் ஓரமெல்லாம் நூல் நூலாக, வெள்ளையாக.

"அற்புதராணியின்ரை பந்தல்."

"எங்கடை விதையோ?"

"என்ரை விதை."

"அங்கை முளைச்சிருக்கு!"

"அவளிட்டை மண் இருக்குத் தம்பி."

சொன்ன பிறகு அவள் போனை இறக்காமல் நின்றாள். கேட்கட்டும். இப்போது கேட்டால் எல்லாவற்றையும் கொட்டிவிட அவளுக்கு நாக்கு நுனிவரை வந்து நின்றது: பெக்கோ, ட்ராக்டரில் போன மண், அந்தச் சிரிப்பு, தாச்சி. சீலனின் கண் வேலியை விட்டு இறங்கி, அவள் நின்ற கல்லில் ஒருகணம் நின்றது போலிருந்தது. பிறகு பார்வையை எடுத்துக்கொண்டான்.

"இதைப் பாருங்கோ" என்றான். "கோபிகா செய்து வைச்சிருக்கிறாள். மாமி கல்லுக் கட்டுற மாதிரியாம்."

போன் மேலே திரும்பியது. தட்டுகளுக்கு மேலே ஒரு கம்பி. கம்பியில் வரிசையாக நூல்கள், ஒவ்வொரு நூலின் நுனியிலும் ஒரு இரும்பு நட்டு. முடிச்சுகள் தவமலர் போடுகிற அதே இரட்டை முடிச்சு. பிள்ளை எப்போது பார்த்துப் பழகினாளோ தெரியவில்லை. இன்னும் முளைக்காத புடோல்களுக்காக அவை தொங்கிக்கொண்டிருந்தன.

தவமலருக்குக் கோபம் போகவில்லை. கோபத்துக்குப் பக்கத்தில் இன்னொன்றும் வந்து நின்றது, அதுவும் அவளுக்குக் கோபமாகவே இருந்தது.

"பொறுப்பமோ அக்கா? வருமோ?"

"தண்ணி விடு" என்றாள்.

அவன் பூவாளியை எடுத்துச் சரித்தான். தண்ணீர் மெல்ல மெல்லக் கறுத்த மண்ணுக்குள் இறங்கியது. அவனுடைய கை பட்டதிலோ என்னவோ, மேலே நட்டுகள் ஒன்றோடொன்று முட்டிக் கிணுகிணுத்தன.