காத்தாடி உள்ள வீட்டுக்கே சீலிங்

மின்சாரத்த மிச்சம் பிடிக்கிறதுக்காக எங்க லயத்துக்காரனுங்க பதினாலு காத்தாடி புதுசா வாங்கி மாட்டினானுங்க. சிரிக்காதீங்க. எம்பத்து மூணுல, கோப்பெங் பக்கத்துல, என் கண்ணு முன்னால நடந்தது.

ரப்பர் தோட்டத்தத் துண்டு போட்டு வித்தாச்சு. வேலையாளுங்க இருந்த லயத்து வீட்ட மட்டும் எங்களுக்கு விட்டானுங்க. முக்காவாசிப் பேருக்கு ஈப்போவுல வேலை. தோட்ட ஆபீசுல கணக்கு எழுதுற கிராணியா இருந்த ஜெயபாலனுக்குத் தோட்டம் போச்சு, உத்தியோகம் போச்சு, நோட்டுப் புத்தகம் மட்டும் போகல. கரண்ட மிச்சம் பிடிங்கன்னு ரேடியோவுல சொன்னாலும் சொன்னான், மனுசன் மறுநாளே ஒரு கமிட்டி வச்சுத் தானே தலைவராயிட்டாரு. ஞாயித்துக்கிழமை தோறும் கோத்தோங் ரோயோங், அதான் கூலி வாங்காம எல்லாரும் கூடிச் செய்யிற வேலை. ஆறு பேரு சேந்து வீடு வீடாப் போய்த் தகரக் கூரைக்குக் கீழ சீலிங் அடிக்கணும். சூடு உள்ள எறங்காது, காத்தாடி சுத்த வேணாம், பில்லு கொறையும். நல்ல யோசனைதான். ஆனா அது அவரு யோசனை இல்ல, என்னோடது.

நான் ஈப்போவுல தேயிலைக் கிடங்குல வேலை பாத்தேன். தேயிலைப் பெட்டிய ஒடைச்சா மெல்லிசுப் பலகை, ஒரு பக்கம் வெள்ளித் தாளு ஒட்டியிருக்கும். சூட்டத் திருப்பி அடிச்சிரும். மொதலாளி தவுக்கேகிட்ட கெஞ்சி லோரியில ஏத்தியாந்தது நான், இந்தச் சீனிதான். கூட்டத்துல கைதட்டு வாங்கினது கிராணி.

எந்த வீடு முதல்ல? அதுக்கும் அந்தாளு ஒரு சட்டம் போட்டாரு.

"இது கரண்ட மிச்சம் பிடிக்கிற திட்டம்லா. எவன் வீட்டுல கரண்டு ஜாஸ்தி ஓடுதோ, அங்கதான் மொதல்ல அடிக்கணும். காத்தாடிய எண்ணி வரிசை போடுறேன்."

யாரு வீட்டுல காத்தாடி ஜாஸ்தி? கிராணி வீட்டுலதான். நாலு. அட, என்னா மூளை!

அவரு மூளை அப்படின்னா, நம்ம ஜனங்க மூளை அதுக்கு மேல. டவுனுல ரிப்பேர் கடை வச்சிருந்த கஸ்பாருகிட்ட இருந்த பழைய காத்தாடியெல்லாம் ரெண்டே வாரத்துல காலி. ஒருத்தன் குசினியில அடுப்புக்கு மேல மாட்டினான். ஒருத்தன் மாட்டுக் கொட்டாயில மாட்டிட்டு, மாடும் வீட்டு ஆளுதானேன்னு கேட்டான். தூ, வெக்கங்கெட்ட ஜென்மங்க! நானும் ஒண்ணு வாங்கினேன், அது வேற விசயம். பலகை கொண்டாந்தவன் வீடு பத்தாவதுல கெடக்கலாமா? என்னோடது சுத்தவே சுத்தாது, கஸ்பாரு சும்மா தூக்கிக் குடுத்தான். கிராணி அதச் சுத்த விட்டெல்லாம் பாக்கல, எண்ணிட்டுப் போயிட்டாரு. நாலாவது வீடா ஆயிட்டேன்.

மூணாவது வாரக் கூட்டத்துக்குக் கருப்பம்மாள் அக்கா வந்தாங்க. கடைசி வீடு. கடலை வறுக்கிற பெக்டரியில வேலை. புருசன் சன்னாசி அண்ணே லோரியில ரப்பர் பால் டின்னு ஏத்துறப்போ விழுந்து, இடுப்பு ஒடிஞ்சு ரெண்டு வருசமாப் படுக்கையில கெடந்தாரு. காலையில ஏழு மணிக்கு அக்கா போனா அஞ்சு மணி வரைக்கும் அந்தத் தகரத்துக்குக் கீழ ஒத்தையில கெடக்கணும்.

"வீடு பூரா வேணாம் கிராணி ஐயா. அவரு படுக்கைக்கு மேல மட்டும் நாலு பலகை போதும்."

கிராணி நோட்டப் பொரட்டினாரு. "ஒங்க வீட்டுல எத்தனை காத்தாடி?"

"கரண்டே இழுக்கலையே ஐயா."

"கரண்டே இல்லாத வீட்டுல எந்தக் கரண்டம்மா மிச்சம் பிடிக்கிறது?"

எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சானுங்க. நானும் சிரிச்சேன். நாலாவது வீட்டுக்காரன் சிரிக்காம இருக்க முடியுமா? அக்கா சீலைத் தலைப்ப இழுத்துச் சொருகிக்கிட்டுப் போயிட்டாங்க.

பத்து வீடு முடிஞ்சதும் பெட்டியெல்லாம் வேற ஆளுக்குப் போக ஆரம்பிச்சிருச்சு. மிச்சமிருந்தது ஒம்பது பலகை. அத எங்க அடிச்சோம் தெரியுமா? கிராணி கார் நிக்கிற கொட்டகையில. பெயிண்டு வெளுத்துப் போகுதாம்! அன்னிக்குக் காலையில பூரா வாயில ஆணியக் கவ்விக்கிட்டு, மனசுக்குள்ள அந்தாள வையாத வசவு இல்ல. ஆணி என்னமோ நேராத்தான் எறங்குச்சு. வைய மட்டுந்தான் எனக்குத் தெரியும்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போறப்போ கடைசி வீட்டுல இருந்து யாரோ கூப்பிட்டாங்க. சன்னாசி அண்ணே. அக்காவுக்கு அன்னிக்கு ஓவர்டைம். "யாருடா அது? கொஞ்சம் பொரட்டி விட்டுட்டுப் போடா."

உள்ள காலு வச்சதும் அடுப்புக்குள்ள தலைய விட்ட மாதிரி இருந்துச்சு. அக்கா காலையில கூரை மேல தண்ணி ஊத்திட்டுப் போவாங்களாம், ஒம்பது மணிக்கெல்லாம் காஞ்சிருமாம். அண்ணனப் பொரட்டினேன். முதுகுத் தோலு பாய் கூடவே வந்துச்சு.

அவரு வலியக் காட்டிக்கல. "சீனியா? ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம ஒங்க சுத்தியல் சத்தத்த எண்ணிக்கிட்டே கெடக்கேன்டா. போன வாரம் பத்தாவது வீடு முடிஞ்சுதுன்னு கருப்பி சொன்னா. பதினொண்ணு நம்ம வீடுதானாமே. இன்னிக்கா, அடுத்த வாரமா?"

அக்கா அப்படிச் சொல்லி வச்சிருக்காங்க. வாரா வாரம், பத்து வாரமா.

"இன்னிக்குத்தான்ணே"ன்னு சொல்லிட்டேன்.

வீட்டுக்குப் போய் ஏணியப் போட்டு, எங்க படுக்கை அறை சீலிங்கப் பேக்க ஆரம்பிச்சேன். மங்களம் ஓடியாந்து, "ஒங்களுக்குக் கிறுக்கு பிடிச்சிருச்சா?"ன்னு கத்தினா. பொண்டாட்டி கேக்குறாளேன்னு சன்னாசி அண்ணன் முதுகச் சொன்னேன்.

"இத்தனை மாசத்துல இன்னிக்குத்தான் அந்த வீட்டுக்குள்ள போனீங்களா?"

நான் அடுத்த ஆணியப் பிடுங்கினேன். அவ கீழ நின்னு பலகைய ஒண்ணொண்ணா வாங்கி வச்சா.

கடைசிப் பலகையக் கடைசி வீட்டுல அடிச்சிக்கிட்டு இருக்கேன், கருப்பம்மாள் அக்கா வந்துட்டாங்க. மேல பாத்தாங்க. சந்தோசப்படுவாங்கன்னு நெனச்சேன். ஏணிக்குக் கிட்ட வந்து, அண்ணனுக்குக் கேக்காத மாதிரி மெதுவாச் சொன்னாங்க.

"ஒங்க வீட்டுதுன்னு அவருகிட்ட சொல்லிறாதீங்க. பிச்சைன்னு தெரிஞ்சா பேக்கச் சொல்லிருவாரு. கமிட்டி நம்மளையும் சேத்துக்கிச்சுன்னே நெனைச்சுக்கட்டும்."

தலைய ஆட்டினேன். அண்ணே மேல வெள்ளித் தாளையே பாத்துக்கிட்டு கெடந்தாரு. கண்ணோரம் தண்ணி.

"கிராணிய எல்லாரும் என்னமோ பேசுறானுங்க சீனி. கடைசி வீட்டையும் மறக்கலையேடா. தங்கமான மனுசன்லா."

உண்மையச் சொல்ல வாயத் தொறந்தேன். அக்கா என்னையே பாத்துக்கிட்டு நின்னாங்க.

"ஆமாண்ணே. தங்கமான மனுசன்"னு சொன்னேன்.